நான்கு சக்கரத்துக்கும் பால்

1974 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பத்து வயதும் நான்கு மாதங்களும். ஞாயிறென்றால் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு கிடையாது. ஆள் கூப்பிடும் மணியும் அடிக்காது. அம்மா ஐந்தரைக்கு எழுந்து தேத்தண்ணி வைத்தாள். ஆறு மணிக்கு நான் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டேன். ஆறரைக்கு, கூப்பனுக்குக் கிடைத்த மாவில் ரொட்டி. ஏழு மணிக்கு அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கார் துடைக்கப் போனார். அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்துக் கொப்பி ஒன்றில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியிருந்தேன். நேரங்களெல்லாம் அதில் இருக்கின்றன.

கார் என்பது ஒரு கறுப்பு ஏ ஃபோர்ட்டி. தெஹியோவிட்டைக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் தாத்தா பெரிய கங்காணியாக இருந்த காலத்தில், சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் வாங்கியது. தாத்தாவுக்குப் பிறகு அது அப்பாவுக்கு வந்தது. அப்பா வெறும் கணக்கப்பிள்ளை. மலையில் பால்வெட்டுக்காரர்களை மேய்க்கும் வேலை. 1968 இல் டயர்கள் நான்கும் தேய்ந்து வெடித்துப் போன பிறகு, வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டகையில் நான்கு மரக்கட்டைகளின் மேல் கார் ஏறி நின்றது. ஆறு வருடம் நின்றது. அப்பா ஞாயிறு தவறாமல் துடைத்தார்.

இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் மரம். எங்கள் ஆட்கள் விடியற்காலையில் வெட்டி எடுத்த பாலெல்லாம் ஷீட்டாகிக் கப்பலேறி யார் யாருக்கோ டயரானது. எங்களுக்கு ஒரு டயர் வேண்டுமென்றால் பெர்மிட். அப்பா மூன்று முறை போய்க் கேட்டார். மூன்றாம் முறை மேசைக்குப் பின்னாலிருந்தவர், தோட்டத்து ஆளுக்குக் கார் என்னத்துக்கு என்று கேட்டாராம். அப்பா அதை வீட்டில் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே அப்பா அரசாங்கக் கச்சேரிக்குப் போனபோது, கார் இலங்கைக் கார்தான் என்று பார்த்து ஒரே நாளில் வரிப் பத்திரம் கொடுத்துவிட்டார்கள். இங்கேயே பிறந்து, குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்த அப்பாவுக்கு, அவர் எந்த நாட்டு ஆள் என்ற பதில் அப்போதும் வரவில்லை.

வரிப் பத்திரம் எடுக்கவேண்டி வந்தது ஒரு கல்யாணப் பேச்சினால். அப்பாவின் தங்கையான அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். இருபத்துமூன்று வயது. மலையிலிருந்து வரும் பாலை அளந்து வாங்கி, மருந்து கலந்து வைக்கும் வேலை அவளுக்கு, தோட்டத்து ஸ்டோரில். ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அவளைக் கேட்டு வந்தார்கள். இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகும் குடும்பம். பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. தை மாதத்துக்குள் கப்பல். கல்யாணம் முடிந்தால் அத்தையும் அந்தக் கப்பலில் போவாள்.

மாப்பிள்ளையின் அப்பா நகை கேட்கவில்லை. காரைக் கேட்டார். வெளிநாட்டிலிருந்து கார் வராத காலம். ஓடுகிற காரென்றால் வாங்குவதற்கு ருவான்வெல்லைக் கடைவீதியில் ஒரு முதலாளி காத்திருந்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று. கார் கட்டையிலிருந்து இறங்கி, தன் சக்கரத்தில் ஓடி, ருவான்வெல்லைக்கு வந்து சேரவேண்டும். வந்து சேரும் அன்றைக்கே பரிசம்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்த இடம் என்னுடையது. அங்கே உட்கார்ந்துதான் நான் வாய்ப்பாடு மனப்பாடம் செய்தேன். அம்மை கண்டு தேறிய பிறகு ஒரு வாரம் அங்கேயே படுத்திருந்தேன். அந்தக் காரை முன்பின் தெரியாத ஒருவருக்குத் தூக்கிக் கொடுப்பதா?

"குடுக்காதீங்கப்பா," என்று அழுதேன்.

"அத்தைக்கு நல்ல எடம் அமையுது, புள்ள. இந்தக் காலத்துல இங்க இருந்து மரவள்ளிக் கெழங்கத் திங்கிறதுக்கு அவ அங்கிட்டுப் போயாவது நல்லா இருக்கட்டும்," என்றார் அப்பா. அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்த வருடம் பக்கத்து லயக் குடியிருப்புகளில் பசியால் செத்துப் போனவர்களைத் தூக்கிப் போக அவரும் தோள் கொடுத்திருந்தார்.

நான் அப்படி அழுத அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் அடுப்பங்கரையில் அத்தை அம்மாவிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது.

"நா போகலீங்க அண்ணி."

"ஒன்னைய யாரு கேட்டா?" என்றாள் அம்மா. அதட்டிச் சொல்லவில்லை. உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். அத்தை விறகைத் தள்ளி வைத்தாள். நான் காரை நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

காரை எழுப்பும் வேலை சித்தப்பாவுக்கு வந்தது. அப்பாவின் தம்பி, தோட்டத்து லொறி டிரைவர். ஐந்து ஞாயிறு உழைத்தார். என்ஜினுக்குள் மூன்று எலிக்கூடு. எலி தின்ற வயரையெல்லாம் மாற்றினார். அவிசாவளையில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து நான்கு வழுக்கை டயர்களைக் கொண்டுவந்தார். டயர் கிடைத்தது, டியூப் கிடைக்கவில்லை. இருந்த டியூப்களில் ஒட்டுப் போட்ட இடம்போக ஊசிமுனை ஓட்டைகள் எண்ண முடியாமல் இருந்தன. காற்றடித்தால் நாலைந்து மணி நேரத்தில் சப்பிப் போகும்.

"ரப்பர் தோட்டத்துல பொறந்துட்டு டியூப் ஓட்டைக்கு யாராச்சும் அழுவாங்களாண்ணே?" என்றார் சித்தப்பா. "உள்ளுக்குப் பால ஊத்திட்டா முடிஞ்சிச்சு. சக்கரம் சுத்தச் சுத்த அது நாலாபக்கமும் பரவி, ஓட்டையில போய்க் காய்ஞ்சு அடைச்சுக்கும்."

"பால் கட்டியாப் போயிராது?"

"அதுக்குத்தான் தங்கச்சி இருக்கே. ஸ்டோர் மருந்து கலந்தா தண்ணி மாதிரியே கெடக்கும்."

அந்த ஞாயிறு காலை எட்டரைக்கு, அத்தை ஸ்டோரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பால் கேனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். ஒரு சின்னப் போத்தலிலிருந்து மருந்தைத் தண்ணீரில் விட்டு, அதைக் கேனுக்குள் ஊற்றிக் கலக்கினாள். நான் புனலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வால்வைக் கழற்றிய இடத்தில் ஒரு துண்டு சைக்கிள் டியூப்பை மாட்டி, அதன் மறுமுனையில் புனலைச் செருகியிருந்தார் சித்தப்பா. கேன் என் முகத்துக்கு நேரே வந்தபோது மூக்கில் புளிப்பாக ஏறியது. எறும்பை நசுக்கினால் வருமே, அந்த மாதிரி.

"மருந்து கலந்துட்டியா?" என்று சித்தப்பா கேட்டார்.

"கலந்துட்டேண்ணே."

சித்தப்பா கேனை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். அத்தையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி, புனல நேராப் புடி புள்ள," என்று என்னை அதட்டிவிட்டு ஊற்றினார். நான்கு சக்கரத்துக்கும் ஊற்றி, காற்றடித்து, கட்டைகளை உருவியபோது ஒன்பது மணி. ஆறு வருடத்துக்குப் பிறகு கார் தரையில் நின்றது. அப்பா அதன் முன் கற்பூரம் காட்டினார்.

"கொஞ்சம் உருட்டிப் பாரேன்டா," என்றார்.

"வேணாண்ணே. அவங்க வரட்டும். சும்மா பெட்ரோல் எதுக்கு?" என்றார் சித்தப்பா.

அவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, ஒரு மாமன். மாப்பிள்ளை சாதுவான ஆள். கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அவருடைய அப்பா வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கொட்டகைக்குப் போனார். கதவுகளைத் திறந்து மூடினார். சீட்டை அமுக்கினார். என் இடத்தில் உட்கார்ந்து எழும்பினார். டயரைக் காலால் உதைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கார் பார்த்த நேரம் நாற்பது நிமிடம் என்று என் கொப்பியில் இருக்கிறது. அதன் பிறகு உள்ளே வந்து, அத்தை நீட்டிய தட்டிலிருந்து தேத்தண்ணியை எடுத்தார்.

"பொண்ணு ஸ்டோர்லயா வேல?" என்று அப்பாவைக் கேட்டார். அத்தை எதிரில்தான் நின்றாள்.

"ஆமாங்க சம்பந்தி."

"அங்கிட்டுப் போனா வேலைக்கெல்லாம் போக வேணாம். சரி, கெளம்புவமா? முதலாளி மூணு மணிக்கு வரச் சொன்னாப்ல."

சித்தப்பா ஓட்டினார். பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா. பின்னால் அப்பா, மாப்பிள்ளை, மாமன். அவர்களுக்கிடையில் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்து நான். என்ஜின் இரண்டாவது சுற்றிலேயே பிடித்தது. லயத்துச் சனம் முழுக்க வெளியில் வந்து நின்றது. அத்தை வாசலில் தட்டோடு நின்றாள்.

வளவைத் தாண்டியதுமே தெரிந்தது. கார் உருளவில்லை, குதித்தது. தொப்பு, தொப்பு, தொப்பு என்று நான்கு பக்கமும் மாறி மாறித் தூக்கிப் போட்டது. என் தலை கூரையில் இடித்தது.

"என்னாப்பா இது, மாட்டு வண்டியா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"ரொம்ப நாள் நின்ன வண்டிங்க. ஓட ஓடச் சரியாப் போயிரும்," என்றார் சித்தப்பா. வேகத்தைக் கூட்டினார். குதிப்பும் கூடியது.

ஒரு மைல் இறக்கம் முடிந்து பெரிய ரோட்டில் ஏறிய இடத்தில், சந்திக் கடை முதலாளி படியில் நின்று கைகொட்டிச் சிரித்தார். "கங்காணி மாத்தயாகே காரெக்க நட்டனவா!" கங்காணி ஐயாவின் கார் கூத்தாடுகிறதாம். கடையிலிருந்தவர்களெல்லாம் எழுந்து பார்த்தார்கள். அடுத்த வளைவில் முன்பக்கத்து டயர் ஒன்று காற்றிறங்கி, ரிம்மிலிருந்து கழன்று, எங்களுக்கு முன்னால் உருண்டு போய் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தது. கார் ஒரு பக்கம் சாய்ந்து ரோட்டை உரசிக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை.

மாப்பிள்ளையின் அப்பா இறங்கிச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"தொடச்சுத் தொடச்சு வச்சா ஆச்சா? ஒரு மைலு ஓடல. இந்த வீட்டுல எத நம்பி எடுக்கிறது?" என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னார். மாப்பிள்ளை என்னவோ சொல்ல வாயெடுத்தார். "நீ வாடா," என்று அவருடைய அப்பா கையைப் பிடித்து இழுத்தார். ருவான்வெல்லை பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள். அந்தச் சம்பந்தம் அந்த வளைவிலேயே முடிந்தது.

டியூப்பை வெட்டிப் பார்த்தபோது உள்ளே வெள்ளைக் கட்டி. மூன்று மணி நேரம் நின்ற இடத்திலேயே, அடியில் பாளமாக உறைந்திருந்தது. நான்கிலும் அப்படியே. ஓட்டைகள் ஒன்றுகூட அடைபடவில்லை. எட்டுப் பேர் காரைத் தூக்கியும் தள்ளியும் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். அப்பா எல்லோருக்கும் முன்னால் சித்தப்பாவைக் கன்னத்தில் அறைந்தார். தம்பியை அவர் கைநீட்டி அடித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"தங்கச்சி வாழ்க்கையக் கெடுத்துப்புட்டியேடா! லொறி ஓட்டுறானாம் லொறி!"

சித்தப்பா கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றார். நானும் விடவில்லை. "நீங்கதான் எங்க காரக் கொன்னுட்டீங்க," என்று கத்தினேன். "ஆமா புள்ள, நாந்தான்," என்றார்.

அதன் பிறகு கார் ரோட்டுக்கு வரவேயில்லை.

1982 இல் நான் அதே ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரத்தில் இரண்டு போத்தல்களைத் திறந்து காட்டினார்கள். ஒன்று கண்ணை எரித்தது. அதைக் கலந்தால் பால் உறையாமல் தண்ணீராகவே கிடக்கும். மற்றது எறும்பைப் போல் புளித்தது. பாலை உறையவைத்து ஷீட் போடுவதற்கான அமிலம். இரண்டையும் ஸ்டோரில் மருந்து என்றுதான் சொல்வார்கள். நான் அந்த இரண்டாவது போத்தலை மறுபடி மூக்கருகே கொண்டுபோனேன்; அன்று புனலைப் பிடித்தபோது ஏறிய அதே புளிப்பு. ஸ்டோரில் ஐந்து வருடம் வேலை செய்தவள் போத்தல் மாறி எடுக்கமாட்டாள். அந்தப் போத்தல்களை வாராவாரம் லொறியில் ஏற்றிவந்தவர் சித்தப்பா. அவர் மூக்குக்கும் அது தெரியாமல் இருக்காது.

அத்தையிடம் கேட்டேன். அவள் கப்பலேறவில்லை, பிறகு வேறொருவரைக் கட்டிக்கொண்டு தெஹியோவிட்டையிலேயே இருந்தாள். "அது என்னமோ, அன்னைக்குப் பால் கெட்டுப் போச்சு," என்றாள். வருடங்கள் போயும் அதையேதான் சொல்கிறாள்.

இப்போது என் கோபம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. போகமாட்டேன் என்று ஒரு பெண் வாயைத் திறந்து சொன்னதை அந்த வீட்டில் கேட்டவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி நான். கார் குதித்த அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். காரைப் பற்றிப் பதினோரு வரிகள், எழுத்துக்கள் கொப்பியைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி. அத்தையைப் பற்றி ஒரு வரி: "அத்தை தேத்தண்ணி கொடுத்தாள்."

அடுத்த பக்கம் அதற்கு மறுநாளுடையது: திங்கட்கிழமை, காலை ஐந்தேகால். அத்தை எல்லோருக்கும் முன்பாக எழுந்து, தலை வாரிப் பூ வைத்து, தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டு லொறி நிற்கும் இடத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். சித்தப்பா பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சீனி கண்ணில் படாத காலம். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து, தன் பங்குக் கித்துள் கருப்பட்டி முழுவதையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள். நான் வீட்டுக்கு ஓடிப்போய், காரைக் கொன்ற ஆளுக்கு அத்தை கருப்பட்டி கொடுக்கிறாள் என்று அம்மாவிடம் கோள் சொன்னேன்.