முன்னால் நிற்பவனின் தண்ணீர்

கோல் மறுபடி நிமிர்ந்தது. கிசாகு பார்க்காதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிக்கே விழாத தூண்டில் நூலில் சிக்கெடுத்தான்.

இரண்டு மடுக்களுக்கு மேலே அவனுடைய அக்காள் புருஷன் தோமேஜி முதுகைக் காட்டிக்கொண்டு தொடையளவு தண்ணீரில் நின்றான். மூங்கில் கோலை நெட்டுக்குத்தாகத் தூக்கிப் பிடித்திருந்தான். அந்த ஆற்றில் அதற்கு ஒரே அர்த்தம்தான். என்னைத் தாண்டிப் போய்க்கொள்.

"நீ தூக்கிக் காட்டி நான் போகணுமாக்கும்" என்று கிசாகு முனகினான்.

இறகுத் தூண்டில்காரர்கள் கீழிருந்து மேலே ஏறுவார்கள். சிவப்புப் புள்ளி வைத்த அமாகோ மீன் நீரோட்டத்தைப் பார்த்து நிற்கும். பின்னால் வருகிற ஆளை அது அறியாது. ஆனால் ஒருவன் கால் வைத்துக் கலக்கிவிட்ட மடுவில் அடுத்தவனுக்கு அன்றைக்கு எதுவும் கிடைக்காது. அதனால் முன்னால் நிற்பவனுடையதுதான் தண்ணீர். கேட்காமல் தாண்டிப் போய் மேலே தூண்டில் வீசினால் அதற்குப் பெயர் தலைவெட்டு. பெண்டாட்டியை அடித்தவனுக்குக்கூட ஊரே சேர்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டியில் இடம் உண்டு. தலைவெட்டியவன் இறங்கினால் மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள்.

தோமேஜி இறங்கும்போது எழுந்தவன் கிசாகு ஒருவன்தான். ஒரு மூடுபனிக் காலையில் தோமேஜி தன் தலையை வெட்டினான் என்று அவன் சொன்னான். பனியில் ஆளே தெரியவில்லை என்றான் தோமேஜி. ஊர் இரண்டையும் கேட்டுக்கொண்டு தொட்டியிலேயே உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. விறகு, சாவு, கல்யாணம், எல்லாச் செய்தியும் அக்காள் இசே வழியாகத்தான் போய்வந்தன.

இன்று காலை பாறையில் ஈரக் காலடியைப் பார்த்ததுமே கிசாகு திரும்பியிருக்கலாம். இடது பாதம் வெளிப்பக்கம் சாய்ந்த வைக்கோல் செருப்புத் தடம். யாருடையது என்று தெரிந்தது. தெரிந்ததால்தான் திரும்பவில்லை. உள்ளே வந்தான்.

அந்த இடத்துக்குத் தொண்டை என்று பெயர். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. ஏறி வந்த சிறு அருவிகளில் திரும்ப இறங்க முடியாது, பாசி வழுக்கும். வெளியே போக ஒரே வழி மேல்கோடியில் தொங்கும் இரும்புச் சங்கிலி. அதற்கு, தோமேஜி நிற்கும் மடுவின் ஓரமாக, அவன் தோளை உரசிக்கொண்டு போகவேண்டும்.

முகட்டுக்கு அப்பால் இடி உருண்டது.

கிசாகு பாறையில் உட்கார்ந்து மீசோ என்ற சோயா விழுது தடவிய சோற்று உருண்டையைப் பிரித்தான். காத்திருப்பது அவனுக்குப் பழகிப்போன வேலை. இளவயதில் நகோயாவுக்குப் போய்ப் பீங்கான் சூளையில் இருந்தான். அப்பா செத்த செய்தி கேட்டு வந்தவனைப் பனி அடைத்துக்கொண்டது, பஸ் நின்றுவிட்டது. வசந்தத்தில் போகலாம் என்றிருந்தான். வசந்தத்தில் அம்மா படுத்துவிட்டாள். அம்மாவும் போன பிறகு, விடுதிக்காரம்மா விருந்தாளிகளுக்குத் தினமும் மீன் வேண்டும் என்றாள். அடுத்த வசந்தம் என்றான். பிறகு அப்படிச் சொல்வதையும் விட்டுவிட்டான். குளிர்காலம் முழுக்கச் சேவல் கழுத்து இறகை முள்ளில் சுற்றிக் கட்டிக்கொண்டிருப்பான். ஆற்றுக்கு வந்தால் முன்னால் எப்போதும் யாராவது நின்றார்கள். பெரும்பாலும் தோமேஜி.

கோல் மூன்றாம் முறை நிமிர்ந்தது. இந்த முறை அது நடுங்கியது.

"கை வலிக்குதோ? நல்லா வலிக்கட்டும்."

நாளைக்குத் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு, நான்தான் வழிவிட்டேன் என்று சொல்வான். அதைக் கேட்பதற்கு இந்தப் பாறையிலேயே ராத்திரி முழுக்க நனையலாம். கிசாகு உருண்டையைக் கடித்தான்.

தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. சுள்ளிகள் மிதந்து வந்தன. மேலே எங்கோ நல்ல மழை. கால் வைத்திருந்த கல் காணாமல் போயிருந்தது. அவன் பாறையில் இன்னும் மேலே நகர்ந்து உட்கார்ந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

தோமேஜி நின்ற இடத்திலேயே நின்றான். ஆனால் தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. நூல் ஓட்டத்தில் பின்னால் இழுபட்டு, இறகு நுரையில் கிடந்து அடிபட்டுக்கொண்டிருந்தது. அவன் அதை எடுத்து மறுபடி வீசவில்லை. தோமேஜி நூலை அப்படிக் கிடக்கவிடுகிறவன் அல்ல. நிற்கிற இடமும் சரியில்லை. அங்கே மீன் நிற்காது. அது அவனுக்கும் தெரியும்.

சோறு கையிலிருந்து விழுந்தது.

கிசாகு இரண்டு மடுக்களையும் எப்படிக் கடந்தான் என்று பிறகு அவனுக்கே நினைவில்லை. கிட்டே போனபோது தோமேஜியின் உதடு நீலமாக இருந்தது.

"என்ன மச்சான்?"

"கால்" என்றான் தோமேஜி. "ரெண்டு கல்லுக்கு நடுவுல. காலையிலேருந்து."

"வாயில என்ன இருந்துச்சு? ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?"

"கோலைத் தூக்கினேன்ல?"

"அது போறதுக்கு! வான்னு கூப்பிடறதுக்கா?"

"போறதுக்காச்சும் கிட்ட வருவேன்னு பார்த்தேன். நீ சோறு துன்னுட்டு உக்காந்திருக்க."

கிசாகு மூச்சை அடக்கிக் குனிந்து கையால் துழாவினான். தண்ணீர் பல்லைக் கிட்டவைத்தது. பாதம் குதிகால்வரை கல்லிடுக்கில் இறங்கி, செருப்பின் முடிச்சோடு இறுகியிருந்தது. இழுத்தான். தோமேஜி அலறினான். மிதந்து வந்த ஒரு கிளையைச் செருகி நெம்பினான். கிளை முறிந்தது. தண்ணீர் தோமேஜியின் நெஞ்சுக்கு ஏறியது.

"நீ போயிடு மாப்ள. சங்கிலி மூழ்கிடும்."

"போயி? அக்கா என்னை உயிரோட உரிச்சுடும்."

"அவகிட்ட, அந்தாளு போற வழியிலகூடத் திட்டிக்கிட்டேதான் போனாருன்னு சொல்லு."

"நீங்களே வந்து சொல்லுங்க. அக்கா வழியா சேதி சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு." கிசாகு இடுப்புக் கத்தியை உருவினான். "அசையாதீங்க. விரல் போனா என்னைக் கேக்கக் கூடாது."

மறுபடி தலையை உள்ளே விட்டான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் கயிற்றைத் தேடிப் பிடித்து அறுத்தான். ஈர வைக்கோல் கம்பியைப் போல நின்றது. மூச்சுக்கு மேலே வந்தான்.

"அன்னைக்குப் பனியில நீங்க என்னைப் பார்த்தீங்க."

"பார்க்கல."

"பார்த்தீங்க மச்சான்."

"இதுக்கு இதுவா நேரம்? பார்க்கலடா!"

கிசாகு உள்ளே போனான். கணுக்காலோடு சேர்த்துக் கட்டிய முடிச்சு விட்டது. கீழிருந்த துணிக் காலுறையையும் கிழித்தான். அக்குளில் கை கொடுத்துப் பின்பக்கமாக விழுந்து இழுத்தான். ஏதோ ஒன்று நொறுங்குகிற மாதிரி கைக்குத் தெரிந்தது. இருவரும் சேர்ந்து தண்ணீருக்குள் போனார்கள், ஒரு பாறையில் மோதி எழுந்தார்கள். தோமேஜியின் கோல் கீழ் அருவியில் போய்க்கொண்டிருந்தது. அவன் அதை எட்டிப் பிடிக்கப் பார்த்தான். கிசாகு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

மடுவின் ஓரமாக அவனை முதுகில் தூக்கிக்கொண்டு கிசாகு நகர்ந்தான். கழுத்து வரை தண்ணீர். மேலே சங்கிலியின் பாதிதான் தெரிந்தது.

"இப்ப யாரு முன்னால போறது?" என்று தோமேஜி காதில் கேட்டான். பல் அடித்துக்கொண்டது.

"நான். நீங்க என் முதுகுல இருக்கீங்க."

"என் தலைதான் உன் தலைக்கு முன்னாடி நீட்டிக்கிட்டிருக்கு."

"இப்பவே கீழ போட்டுடுவேன்."

சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தொங்கினார்கள், பிறகு மெல்ல மெல்ல மேலே ஏறினார்கள்.

மறுநாள் ஆறு பழுப்பாக ஓடியது. யாரும் இறங்கவில்லை. விடுதியில் டப்பா மீனைச் சூடு பண்ணிப் போட்டார்கள். விருந்தாளிகள் அதையே சாப்பிட்டார்கள். எலும்பு வைத்தியர் வந்து தோமேஜியின் கணுக்காலுக்குப் பட்டை வைத்துக் கட்டிவிட்டுப் போனார். கிசாகு காய்ச்சலோடு அடுப்பின் பக்கத்தில் படுத்திருந்தான். மத்தியானம் இசே ஊறவைத்த முள்ளங்கியோடு வந்தாள். உன் மச்சான் தண்ணீர் வடிந்ததும் தொண்டைக்குள் போய்ச் செருப்பை எடுத்துவரச் சொன்னார், இல்லாவிட்டால் அடுத்தவன் கால் அதில் மாட்டும் என்றார், என்று சொன்னாள். தண்ணீர் வடியட்டும் பார்க்கலாம், அவர்கிட்ட சொல்லு, என்றான் கிசாகு. அவள் போய்ச் சொன்னாள். சாயந்தரம் மறுபடி மழை பெய்தது. தோமேஜி தொட்டிக்குக் குளிக்க வரவில்லை. கிசாகுவும் போகவில்லை.