ஒற்றை ஜூனிப்பர் விழுந்த பிறகு

பாலைவனத்துப் பாறை மேட்டு ஊரான எங்கள் கிரே மெசாவில் ஏப்ரல் மாதம் காற்றுக்கென்றே விட்ட மாதம். அந்த வருடக் காற்று மூன்று நாள் நிற்காமல் அடித்தது. ஓய்ந்த அன்று காலை வெர்னா அட்டீன் வழக்கம்போல ட்ரக்கில் சுற்றுலா ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போனாள். மரத்தைக் காணோம். எட்டிப் பார்த்தபோது பாறை விளிம்புக்குக் கீழே வேர் மேலாகக் கிடந்தது.

அது ஒரு ஜூனிப்பர் மரம். சுற்றிலும் வேறு பச்சை இல்லாமல், சிவப்புப் பாறையின் நுனியில் ஒருபக்கமாக வளைந்து நின்ற ஒற்றை மரம். அதைப் படம் பிடிப்பதற்காகவே ஜெர்மனியிலிருந்தும் கொரியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பத்து வருடமாக அவர்களின் பூட்ஸ் கால்கள் வேரைச் சுற்றியிருந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மிதித்துத் தள்ளியிருந்தன. வேர் வெளியே தெரிய ஆரம்பித்ததும் வெர்னா சொல்லிப் பார்த்தாள். ஒரு கயிறு கட்டலாம் என்றாள். கயிறு படத்தில் விழும் என்று டாரல் வேண்டாம் என்றுவிட்டான்.

டாரல் பிட்சூயி அவளுடைய அக்கா மகன். இரண்டு திறந்த ட்ரக், ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு காப்பி மெஷின். அதுதான் அவன் நடத்தும் சுற்றுலாக் கம்பெனி. வெர்னா முன்னே பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருந்தாள். பள்ளிக்கூடத்தை மூடியதும் இவனிடம் ஓட்டுநராக வந்தாள். விடியுமுன் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. நடுவில் ட்ரக்கைக் கழுவ வேண்டும், தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை அவள் முழுசாகத் தூங்கி நான் பார்த்ததில்லை. எங்கள் சலவைக் கடைக்குப் போர்வை துவைக்க வருவாள். மெஷின் சுற்ற ஆரம்பித்ததும் நாற்காலியில் தலை சாய்ந்துவிடும். மெஷின் நின்ற பிறகும் நான் எழுப்ப மாட்டேன்.

மரம் விழுந்த வாரம் அவள் ஒரு வேடிக்கையைச் சொன்னாள். வந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லையாம். வேர் இருந்த குழியைப் படம் பிடித்தார்களாம். ஒரு அம்மாள் குழியைப் பார்த்து அழுததாகவும், அழுதுகொண்டிருந்தவளை அவள் புருஷன் படம் பிடித்ததாகவும் சொன்னாள்.

ஆனால் குழிக்கு எத்தனை நாள் கூட்டம் வரும்? மே மாதம் பிறந்ததும் வருகிறவர்கள் குறைந்தார்கள். டாரல் காப்பியை ஊற்றிக்கொண்டே சொன்னான்.

"சின்னம்மா, வேற இடம் ஒண்ணு வேணும். உங்களுக்குத் தெரியாத பாறையா?"

"பாறை தெரியும்டா. எது படம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இத்தனை வருஷம் அவங்க கூடவே இருந்தீங்களே."

"கூட இருந்தேன். அவங்க கால மட்டுந்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அது உண்மை. கேமராவைக் கண்ணில் வைத்தவன் பின்னாலேயே நகர்வான். விளிம்பு எங்கே என்று அவனுக்குத் தெரியாது. ஆகையால் ஆட்களை ட்ரக்கில் கூட்டிப்போகிறவள் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். எத்தனையோ ஆயிரம் பேர் பிரமித்த அஸ்தமனங்களில் வெர்னா பார்த்தது தூசி படிந்த பூட்ஸ்களைத்தான்.

வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம் கேட்கிற கேள்வியும் ஒன்றேதான். பல் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், மினசோட்டாக்காரர், அந்த மே மாதத்தில் கேட்டார்:

"யாருமே போகாத இடமா ஒண்ணு காட்டுங்களேன்."

"யாரும் போகலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும் சார். ஒண்ணு பாம்பு இருக்கும், இல்ல பாதை இருக்காது."

அவர் சிரித்தார். வெர்னா சிரிக்கவில்லை. அவள் முழங்கால் அன்று வீங்கியிருந்தது.

அதே வாரம் வெர்னா வீட்டுக் குதிரை ஒன்று வேலியைத் தாண்டி ஓடிவிட்டது. வயதான சாம்பல் நிறப் பெண் குதிரை. வெர்னாவின் புருஷன் லீலண்ட் அதைத் தேடப் புறப்பட்டான். இடம் தேடியது போலவும் ஆகும் என்று இவளும் பழைய பிக்கப் வண்டியில் ஏறிக்கொண்டாள். வழிக்கு சோள ரொட்டிக்குள் வாட்டிய ஆட்டுக்கறியும் பச்சை மிளகாயும் வைத்துச் சுற்றி எடுத்துக்கொண்டார்கள்.

லீலண்ட் குளம்புத் தடத்தைப் பார்த்து ஓட்டினான். வெர்னா அங்கங்கே நிறுத்தச் சொன்னாள்.

"இங்க நிறுத்து. இது காலை வெயிலுக்கு நல்லா இருக்கும்."

நிறுத்தினான்.

"இல்ல, பின்னால கரண்டுக் கம்பி தெரியுது. போ."

இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "அந்தப் பாறைச் செவுரு சாயங்காலத்துக்கு ஆகும். ஆனா ட்ரக் திரும்ப இடமில்ல."

"ஏய், நீ குதிரையைத் தேடுறியா, காலண்டர் போடுறியா?" என்றான் லீலண்ட்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சின்னப் புள்ளையில இந்தப் பக்கமெல்லாம் ஆடு ஓட்டிட்டு வந்திருக்கேன். எங்க புல்லு, எங்க நிழலுன்னு பாத்தா போதும். இப்போ எதைப் பாத்தாலும், எத்தனை பேர் நிக்கலாம், வெயில் எப்ப வரும், எவன் தவறி விழுவான்னுதான் தோணுது. அலுத்துப்போச்சு லீலண்ட். கண்ணே அலுத்துப்போச்சு."

லீலண்ட் பேசிச் சமாதானம் பண்ணுகிற ஆள் இல்லை. சுற்றி வைத்திருந்த ரொட்டியை எடுத்துப் பெரிய பாதியை அவளுக்குக் கொடுத்தான்.

தடம் ஒரு மணல் ஓடைக்குள் இறங்கியது. பிக்கப்பை விட்டுவிட்டு நடந்தார்கள். ஓடை ஒரு பெரிய பாறை முதுகைச் சுற்றி வளைந்தது. வளைவு தாண்டியதும் வெர்னா நின்றுவிட்டாள்.

பாறையே குழிந்து ஒரு பள்ளம். குளிர்காலப் பனி உருகிய தண்ணீர் அதில் நின்றது. எதிரே ஒரு பாறைச் சுவர் ஒரே வீச்சாக எழும்பி நின்றது. மேலிருந்து கீழ்வரை தார் வழிந்தாற்போல் கறுப்புக் கோடுகள். அந்தக் கோடுகள் அத்தனையும் தண்ணீருக்குள்ளும் இறங்கியிருந்தன. பள்ளத்தின் ஓரத்தில் அவர்களுடைய சாம்பல் குதிரை, இன்னும் மூன்று குதிரைகளோடு முழங்கால் தண்ணீரில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

லீலண்ட் கயிறோடு இறங்கிப் போனான். குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தபோதும் வெர்னா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இது எல்வுட் மெனிகோட்ஸோட மேய்ச்சல் நிலம்" என்றான். "டாரல்கிட்ட சொல்லப்போறியா?"

"சொல்லலைன்னா இன்னும் தேடச் சொல்லுவான். இன்னொரு தடவ தேட என்னால ஆகாது."

"எல்வுட் ஒத்துக்கணுமே."

"ஒத்துக்க மாட்டார்" என்றாள் வெர்னா. அதைச் சொல்லும்போது தன் மனசு லேசானதை அவளே கவனித்தாள். கிழவர் முடியாது என்றால் விஷயம் முடிந்தது. நான் தேடினேன், கிடைத்தது, அவர் விடவில்லை என்று டாரலிடம் சொல்லலாம். அப்படியே வேலையையும் விட்டுவிடலாம்.

மறுநாள் போனாள். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவது பூர்வகுடிகளான எங்களில் வழக்கமில்லை. காப்பித்தூள், ஒரு மூட்டை கோதுமை மாவு, உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டாள். வீட்டு முன் ட்ரக்கை நிறுத்திவிட்டு, மரியாதைக்கு இறங்காமல் காத்திருந்தாள். கதவு திறந்தது.

எல்வுட்டுக்கு எண்பது இருக்கும். மெனிகோட்ஸ் என்றால் ஆங்கிலத்தில் நிறைய ஆடுகள் என்று அர்த்தம். ஆடுகள் இப்போது பெயரில் மட்டும்தான் இருந்தன. மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் ஃபீனிக்ஸ் நகரத்தில் இருந்தார்கள். எங்கள் வழக்கப்படி வாசலில் நிற்க வைத்தே குலம் கேட்டார். அவள் தன் தாய்க் குலத்தையும், எந்தக் குலத்துத் தகப்பனுக்குப் பிறந்தவள் என்பதையும் சொன்னாள்.

"உங்க அப்பா உப்புக் குலமா? நானும் அதேதான். அப்ப நான் உனக்குச் சித்தப்பா முறை. உள்ள வா மகளே."

காப்பி போட்டார். அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். கிழவர் ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மறுக்கப்போகிறார் என்று வெர்னா கோப்பையைக் கீழே வைத்து எழுந்திருக்கத் தயாரானாள்.

"வர்றவங்க பேசுவாங்களா?" என்று கேட்டார்.

"நிறையப் பேசுவாங்க சித்தப்பா."

"நாம சொல்றத கேப்பாங்களா?"

வெர்னா யோசித்தாள். "சில பேரு கேப்பாங்க."

"குதிரைங்க தண்ணி குடிக்கும்போது யாரும் கிட்டப் போகக்கூடாது. தண்ணியில ஒருத்தன் காலு படக்கூடாது. நானும் கூட வருவேன். அப்படின்னா கூட்டிட்டு வா."

வெர்னா கோப்பையை மறுபடி கையில் எடுத்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். கிழவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"ஏன்மா, நான் முடியாதுன்னு சொல்லணும்னா வந்தே?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தூக்கம் இல்ல சித்தப்பா. எனக்கு அவ்வளவுதான். ரொம்ப வருஷமா தூக்கமே இல்ல."

"அப்பத் தூங்கு" என்றார் அவர், அதில் என்ன கஷ்டம் என்பது போல. "இங்க வர்ற நேரத்துல தூங்கு. அவங்க கால நான் பாத்துக்கிறேன். கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு. காதுதான் கொஞ்சம் மந்தம்."

ஜூன் முதல் வாரத்திலிருந்து சாயங்கால நடை அங்கே போனது. முதல் நாள் எல்வுட் சவரம் செய்து, கறுப்புத் தொப்பியும் டர்க்காய்ஸ் என்கிற நீலப் பச்சைக் கல் மோதிரமும் போட்டுக்கொண்டு, ஒரு மடக்கு நாற்காலியோடு பாறை மேல் காத்திருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பாறையைப் பற்றிப் பழங்கதை ஏதாவது சொல்வார் என்று அவர்கள் சுற்றி நின்றார்கள். அவர் சொன்னது ரயில் கதை. வாலிபத்தில் அவர் தண்டவாளம் போடும் கூட்டத்தில் நெப்ராஸ்கா வரை போனவர். அங்கே சமையல்காரன் ஒருவன் தினமும் பீன்ஸைக் கருக்கியது, ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து அந்தப் பானையை ஓடுகிற ரயிலிலிருந்து வீசியது, மறுநாள் அவன் பூட்ஸ் ஒன்றுக்குள் பீன்ஸ் வேகவைத்தது.

"பூட்ஸுக்குள்ளயா?" என்றாள் ஒரு கனடாப் பெண்.

"பானையைத்தான் தூக்கி எறிஞ்சிட்டோமே" என்றார் எல்வுட்.

வெர்னா ட்ரக்கின் முன் சீட்டில் முழங்காலை நீட்டிப் படுத்தாள். கிழவரின் குரலும் அவர்கள் சிரிப்பும் கேட்டன. பிறகு கேட்கவில்லை. கண் விழித்தபோது எல்லோரும் ட்ரக்கில் ஏறி உட்கார்ந்து, அவளை எழுப்பத் தயங்கிப் பேசாமல் இருந்தார்கள்.

ஒருவர் மட்டும் புகார் எழுதிப் போட்டுவிட்டார். நல்ல வெளிச்சம் இருந்தபோது கிழவர் பேசிக்கொண்டே இருந்தாராம், கூட்டிப்போனவள் குறட்டை விட்டாளாம். டாரல் கொட்டகையில் வைத்துக் கேட்டான்.

"சின்னம்மா, என்ன இது? ஆளுங்க முன்னாடி தூங்கலாமா?"

"யாராவது விழுந்தாங்களா?"

"இல்ல."

"படம் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க. அந்த ஆளே நாப்பது படம் எனக்கு அனுப்பியிருக்கான்."

"குதிரையாவது மிரண்டுச்சா?"

டாரல் காப்பி மெஷினைத் தட்டினான். அது எப்போதும் போல இருமியது. "காலை நடையை வேற யாராவது ஓட்டட்டுமா?" என்றான், அவளைப் பார்க்காமல். "சாயங்காலம் மட்டும் நீங்க பாருங்க. கிழவருக்கு உங்கள விட்டா யாரும் ஆகாதாம். நேத்து ஃபோன் பண்ணி அரைமணி நேரம் பேசினார்."

"ரயில் பத்தியா?"

"பீன்ஸ் பத்தி."

ஜூலை பாதி ஆகியும் மழை வரவில்லை. தண்ணீர் வற்றிப் பள்ளத்தில் சேறு வெடித்துக் கிடந்தது. குதிரைகள் வேறு பக்கம் போய்விட்டன. கேமராக்காரர்கள் வெடிப்பைக் குனிந்து குனிந்து படம் பிடித்தார்கள். எல்வுட் அப்போதும் நாற்காலியோடு வந்தார். ஒரு சாயங்காலம் கூட்டம் குறைவு. ஒரே ஒரு தம்பதிதான். அவர்களும் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். எல்வுட் வந்து ட்ரக்கின் கதவைத் தட்டினார்.

"முழிச்சிருக்கியா மகளே?"

"இப்பத்தான்."

"கேக்க ஆள் இல்ல. நீ நெப்ராஸ்காக் கதை கேட்டதே இல்லையே."

அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவர் ஏறி உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். பானை ரயிலிலிருந்து போவதற்கு முன்பே வெர்னாவின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது. கிழவர் நிறுத்தவில்லை. குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, கதையை முடிக்கிற வரை சொன்னார்.