ஏழுக்குப் பதில் பதின்மூன்று

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளைப் பார்த்தால், வாராவாரம் யாரையாவது கடத்துகிறவள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். வீங்கிய கன்னத்தோடு வருகிறவர்களிடம் “உக்காருங்க, இதோ கூப்பிடுவாரு” என்று அத்தனை தணிவாகச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தால் ஆளே வேறு. பள்ளிக்கூடப் பெண்கள் படிக்கும் வார இதழுக்குப் புனைபெயரில் மர்மத் தொடர் எழுதுகிறாள். காணாமல் போன அக்கா, அவளைத் தேடும் தங்கை, அந்தத் தங்கை மனதைக் கொடுத்த பைக் வாலிபன். அவன் நல்லவனா கெட்டவனா என்பது மட்டும் பிடிபடாது. பத்திரிகைக்கு வெளியே விஷயம் தெரிந்த ஒரே ஆள் கணவர். அவரும் “இன்னிக்கு யாரைக் கொன்னே?” என்று கேட்பதோடு சரி. ஒரு வரி படித்ததில்லை.

முடிவை முதலில் எழுதிவிடுவது அவள் வழக்கம். எங்கே இறங்குவது என்று தெரியாமல் பஸ் ஏறுகிற ரகம் அல்ல அவள். பதின்மூன்றாம் அத்தியாயத்தை எழுதி அலமாரியில் பூட்டிய பிறகுதான் ஒன்றாம் அத்தியாயம். எல்லாவற்றுக்கும் மருத்துவமனையில் மிஞ்சும் எக்ஸ்ரே உறைதான். யார் கண்ணிலாவது பட்டுவிடப் போகிறது என்று மேலே எண்கூட எழுத மாட்டாள். இவள் ரகசியம் இவளையே கவிழ்க்கும் என்று யார் கண்டது?

இதழின் ஆசிரியை இந்தத் தடவை கறாராகச் சொல்லியிருந்தார்: “இந்தத் தொடரும் எடுபடலேன்னா கதைப் பக்கத்தையே தூக்கிட்டு அழகுக் குறிப்பு போட்டுடுவோம்மா.” ஆறு வாரமாகக் கடிதங்கள் குவிகின்றன. அக்கா எங்கே என்று ஊர்ப் பெண்களெல்லாம் அடித்துக்கொள்கிறார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிற கதையாக, வியாழக்கிழமை காலை அலமாரியைத் திறந்தவள் உள்ளே ஏழாம் அத்தியாயம் பத்திரமாகப் படுத்திருப்பதைப் பார்த்தாள். செவ்வாயன்று அச்சகத்துக்குப் போனது பதின்மூன்று. அச்சாகும் நாளோ இன்று.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அச்சகத்துக்கு போன் போட்டாள். இயந்திரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? டாக்டரிடம் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, ஏழாம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அச்சகத்து வாசலிலேயே இயந்திரம் தடதடத்தது. உள்ளே பிழை திருத்துகிறவர் உட்கார்ந்திருந்தார். அச்சகத்தில் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். இவள் எழுத ஆரம்பித்த இந்த ஒன்பது வருடத்தில் இவளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை.

“கதைப் பக்கம் போயிடுச்சாங்க?”

“ஓடுறது அட்டை. கதைப் பக்கத்தை நிறுத்தி வச்சிருக்கேன். நேத்து பூரா உங்களுக்கு போன் போட்டேன். எடுத்தாத்தானே!”

மருத்துவமனையில் அவள் போன் இழுப்பறைக்குள் வாய் மூடிக் கிடக்கும்; சாயங்காலம் பார்த்தபோதும் தெரியாத எண் என்று விட்டுவிட்டிருந்தாள். போன உயிர் பாதி திரும்பியது. மீதிப் பாதிக்காகக் கேட்டாள்:

“நீங்க... படிச்சிட்டீங்களா?”

“முதல் வரியிலேயே அக்கா வந்து கதவைத் தட்டுறா. ஆறு வாரமா தேடிக்கிட்டிருக்கோம், இப்படிப் பொசுக்குனு வந்து நின்னா என்னங்க அர்த்தம்? அதுக்கு மேல ஒரு எழுத்து படிக்கல. உறையைப் பசை போட்டு ஒட்டிட்டேன்.” மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினார். “மொதல்ல இதைக் கொண்டு போங்க. கண்ணுல படாம இருந்தாத்தான் எனக்கு நிம்மதி.”

தேடிக்கிட்டிருக்கோம் என்கிறார்! எதிர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

அவர் ஏழாம் அத்தியாயத்தை வாங்கி, சிவப்புப் பேனாவைத் திறந்தார். தன் கதையை ஒருவர் படிப்பதை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இரண்டாம் பக்கத்தில் பேனா நின்றது. மூன்றாம் பக்கத்தில் அதை வைத்துவிட்டார். யாரோ தேநீர் கொண்டுவந்து வைத்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. கடைசி வரியில் பைக் வாலிபன் தன் சட்டைப் பையிலிருந்து காணாமல் போன அக்காவின் மூக்குக்கண்ணாடியை எடுக்கிறான்.

அவர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமை. மறுபடி இப்படியும் அப்படியும் புரட்டினார். பிறகு தன் கண்ணாடிக்கு மேலாக அவளை முறைத்தார்.

“ஏம்மா, உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா? இந்தப் பையனைப் போய் எவ்வளவு நம்பியிருந்தேன்!”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இப்படி ஒரு திட்டு வாங்கத்தான் அவள் ஒன்பது வருடமாக எழுதிக்கொண்டிருந்தாள்.