நான் எழுதித் தராத மனு

நோய்த்தொற்று வருவதற்கு முன்பு நான் அம்பத்தூரில் மதிப்போடு இருந்தவன். கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநராக ஓய்வு பெற்றேன். மாவட்டக் கால்பந்து ஆட்டங்களுக்கு நெடுங்காலம் நடுவராக இருந்தேன். பிறகு எங்கள் அடுக்ககச் சங்கத்தின் தலைவர். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என்று மாநகராட்சிக்குப் போகும் மனுக்கள் எல்லாம் என் கைப்பட எழுதியவையே.

எதிர் வீட்டு ஃபோர்மேனை நினைத்தால் முதலில் கண்முன் வருவது அவர் கழுத்தில் கிடந்த கம்பளித் துண்டு. தொழிற்பேட்டையில் அவருடைய கம்பெனிக்கு இயந்திரம் பூட்ட வந்த இத்தாலியப் பொறியாளர் ஒருவர், ஊர் திரும்பும்போது தம் ஊர் அணியின் நிறத்தில் இருந்த அதைக் கொடுத்துப் போனாராம். அன்று முதல் அந்த அணி ஃபோர்மேனுக்கும் சொந்தம். சித்திரை வெயிலிலும் துண்டோடு ஞாயிறு மாலை என் வீட்டுக்கு ஆட்டம் பார்க்க வருவார். இருவருமே மனைவியை இழந்தவர்கள்; பிள்ளைகள் வெளியூரில். அவர் அணியோ எப்போதும் பட்டியலின் அடியில் கிடக்கும். தோற்றால், "அந்த ரெப்ரீ உன்னாட்டம் சார், ஈவு எரக்கமே இல்ல" என்று சீண்டுவார். 'சார்' என்று அழைத்தபடியே ஒருமையில் பேசுவார். வேறு யாருக்கும் அந்தத் துணிவு வந்ததில்லை.

அந்த மார்ச்சில் இத்தாலியில் ஆட்டங்கள் நின்றன. சில வாரங்களில் எங்கள் தெருவும் அடைபட்டது. மே மாதம், அங்கே மீண்டும் ஆட்டத்தைத் தொடங்கலாமா என்று பேச்சு எழுந்தபோது, ஃபோர்மேன் முகக்கவசத்தோடு வந்து கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்தார். அந்த ஆண்டின் ஆட்டத்தொடரை அத்தோடு கைவிடும்படி இத்தாலிக்கு ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதித் தரவேண்டும் என்றார்.

கைவிட்டால் அவர் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பும். தோற்கும் தரப்பு கேட்டு ஆட்டத்தை நிறுத்துவது முறையல்ல என்றேன்.

"டீமு கெடக்குது சார். இந்தத் துண்டு குடுத்த அந்தாளு ரெண்டு மாசமா போனே எடுக்கல. அங்க பொணமா உழுதுன்றான் டிவில. இப்ப பந்து ஒரு கேடா? கார்ப்பரேசனுக்கு எத்தினி மனு எழுதிக்கீற, இத்த எழுத மாட்டியா?"

நடுவராக இருந்தவன் அதில் கையெழுத்திட முடியாது என்றேன்.

"உன் கையெழுத்து யாருக்கு சார் வோணும்? எம்பேர்ல எழுது."

அதற்கும் நான் இசையவில்லை. "சரி சார்" என்று எழுந்துபோனார். அதன் பிறகு அவர் வரவில்லை.

ஜூனில் ஆட்டங்கள் தொடங்கின. ஆளற்ற அரங்கில் பந்தை உதைக்கும் ஓசைகூடத் துல்லியமாகக் கேட்டது. அதே ஓசை எதிர் வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்தும் வரும், ஒரு நொடி பிந்தி. அவர் அணி கீழே இறங்குவது உறுதியான அன்று அவர் கதவு வரை போனேன். ஆறுதல் சொன்னால் ஏளனமாகப் படுமோ என்று திரும்பிவிட்டேன். சில வாரங்களில் மகள் வந்து அவரை ஓசூருக்கு அழைத்துப் போனாள். அந்தப் பொறியாளர் போனை எடுத்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. எதிர் வீட்டில் இப்போது ஐ.டி. வேலை பார்க்கும் இளம் தம்பதியர், வணக்கம் சொல்வார்கள். ஞாயிறு மாலைகளில் நான் தொலைக்காட்சியைப் போடுவதில்லை.

தொற்றுக்கு அஞ்சி நான் ஃபோர்மேனை வாசலோடு அனுப்பிவிட்டதாகவும், அந்த வருத்தத்தில்தான் அவர் ஊரைவிட்டே போனதாகவும் அடுக்ககத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையன்று. அவர் உள்ளே வந்தார், உட்கார்ந்தார். நான் மறுத்தது ஒரு பக்க மனுவை மட்டுமே.