மோடம் வீரனின் வெற்றி

வடிகட்டின முட்டாளைப் பார்க்க வேண்டுமானால், போன் லைன் வழியாகவே இன்டர்நெட் வந்த டயல்-அப் காலத்தில் கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டுக்கு வந்திருக்கலாம். கம்ப்யூட்டரில் முகம் தெரியாத யாருடனோ செஸ் ஆடுவேன். ஒருநாள் ஜெயிக்கப் போகும்போதெல்லாம் இணைப்பு அறுந்தது. பதறிப்போய் மோடத்தை வேட்டியால் துடைத்தேன், கவிழ்த்து வைத்தேன், பிள்ளையாருக்குத் தேங்காய்கூட நேர்ந்துகொண்டேன். கடைசியில்தான் காரணம் தெரிந்தது. சமையலறையில் இருந்த இன்னொரு போனை என் மனைவி எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அதன் வயரைப் பிடுங்கிவிட்டு, பெரிய இன்ஜினியர் மாதிரி மூன்று மணி நேரம் ஆடினேன்.

ஜெயித்து எழுந்தால், வாசலில் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த மச்சான், மனைவியின் தம்பி.

"என்னா மாமா, எப்ப அடிச்சாலும் என்கேஜ்டு? அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில கெடக்குறாரு. அக்காவயே கேக்குறாரு."

"காலையிலயே அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு போன் வந்துச்சு. பேசலாம்னு எடுத்தா கொய்ங்னு கத்துது. ஒங்ககிட்ட சொன்னா, 'இரு, ராணிய வெட்டிட்டு வரேன்'னீங்க" என்றாள் மனைவி.

மாமனார் பிழைத்துக்கொண்டார். மச்சான் எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவர் சிரித்தபடி கேட்டார்: "ஆட்டத்துல ஜெயிச்சீங்களா மாப்ள?"

அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டங்களில் தோற்றிருக்கிறேன். எந்தத் தோல்வியும் அந்த வெற்றி அளவுக்குக் கேவலமாக இருந்ததில்லை.