காலியாக விட்ட நிரல்

2005 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவின் கரையோர நகரமொன்றில் சூறாவளி வெள்ளம். தினமும் மழையை அளந்து இணையத்தில் பதியும் எங்கள் குழுவில் ஒருவர் அந்த நகரத்தவர். குழு எல்லோரையும் விசாரித்தது. அந்தக் கரையோரத்து அங்கத்தவர்கள் ஒவ்வொருவராகப் பதில் எழுதினார்கள், அவர் எழுதவில்லை. நான் இங்கே இலங்கையில், உக்குவளையிலிருந்து தினமும் பஸ் ஏறி, மாத்தளை நெட் கபேயில் போய்ப் பார்த்தேன்.

"அங்க பெய்யிற மழைக்கு நீங்க இங்க நனையிறீங்களே, சேர்! சொந்தக்காரரா?" என்றார் கடைக்காரர்.

"முகம்கூடத் தெரியாதுங்க. நான் போடுற மழை அளவுக்கு அவர் ஒருத்தர்தான் பதில் எழுதுவார்."

என் நோட்டில் அவருடைய அளவுக்கும் ஒரு நிரல் உண்டு. மழை பெய்யாத நாளுக்குப் பூச்சியம் போடுவோம். அளக்காத நாளைக் காலியாக விடுவோம். வருட முடிவு வரை காலியாகவே விட்டேன். புது நோட்டிலும் அவருக்கு ஒரு நிரல் கோடிட்டேன்.