துருவத்தின் இளஞ்சூடும் தூத்துக்குடி மழையும்

திருவனந்தபுரத்தில் ஆட்டோ பிடிக்க வேண்டுமென்றால், ஓட்டுநர் பேப்பரில் பத்தியை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில், தம்பானூர் ரயில் நிலையத்து வாசலில் பெட்டியும் கையுமாக நின்று நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. வரிசையாக நின்ற ஆட்டோக்களில் எல்லாரும் ஹேண்டில்பார் மேல் பேப்பரை விரித்துப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். "ஆரியசாலை போகணும்" என்றேன். ஒருவர் விரலைத் தூக்கிப் பொறுக்கச் சொன்னார். படித்து முடித்தார், தாளை மடித்துச் சீட்டுக்கு அடியில் வைத்தார், பிறகு மீட்டரைப் போட்டார். எங்கள் தூத்துக்குடியில் ஏறுமுன் நடக்கிற பேரமெல்லாம் இங்கே கிடையாது. ஆனால் வழிநெடுக, பட்ஜெட்டைப் பற்றி என் அபிப்பிராயம் என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு அபிப்பிராயம் ஒன்றும் இல்லை என்றேன். எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, பெட்டியை அவரே தூக்கி வந்து வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

என் கணவருக்கு ஆரியசாலையில் உப்பு, புளி, வற்றல் மொத்த வியாபாரம். தெருவில் பாதிப் பேர் நெல்லைப் பக்கத்துக்காரர்கள் என்பதால் தமிழுக்குப் பஞ்சமில்லை. அடுத்த சந்தில் ஒரு வாயனசாலை இருந்தது. நம் ஊர் வாசகசாலைதான். ஆனால் நம் ஊரில் அது பென்ஷன்காரர்கள் கண்ணயர்கிற இடம், இங்கே அது சண்டை போடுகிற இடம். கடைக்காரர்களுக்காக ஒரு தமிழ் நாளிதழும் போடுவார்கள். அதைப் படிக்கப் போய்த்தான் நான் மலையாள எழுத்தையும் எழுத்துக்கூட்டிக் கற்றேன். வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. ஞாயிற்றுக்கிழமை விவாதத்தின் தலைப்பை வாயனசாலைச் செயலாளர் பாஸ்கரன் சார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வாரத்தின் நடுவிலேயே அதில் எழுதிவிடுவார். ஞாயிறு வரும்வரை தெரு அதையே போட்டு மெல்லும்.

ஒரு மாசி மாதம், வடதுருவத்தில் குளிர்காலத்திலேயே வழக்கத்துக்கு மாறான வெப்பம் என்று செய்தி வந்தது. ஆர்க்டிக் எங்கே, ஆரியசாலை எங்கே என்று ஊரில் இருந்து படிக்கிற நீங்கள் கேட்கலாம். இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. உலகத்தில் எது நடந்தாலும் தங்களைக் கேட்டுக்கொண்டுதான் நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிற ஊர் இது. அந்தக் குணத்தைக் கேலி செய்து செய்தே எனக்கும் அது தொற்றிவிட்டது. வாயனசாலை மேசையில் இரண்டு மலையாளப் பத்திரிகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று, "துருவத்தில் இளஞ்சூடு" என்று தலைப்புப் போட்டு ஒரு வெள்ளைக் கரடியின் படத்தை வெளியிட்டிருந்தது. கரடி சோம்பல் முறிப்பது போல இருந்தது. இன்னொன்று, "வடதுருவம் மரணப்படுக்கையில்" என்றது. படம் அதே கரடிதான். இப்போது பார்த்தால் அது பட்டினி கிடப்பது போலத் தெரிந்தது. கீழே செய்தி இரண்டிலும் ஒன்றே, ஒரே ஏஜென்சி அனுப்பியது, வரிக்கு வரி மொழிபெயர்த்தது.

தெரு அன்றைக்கே இரண்டு கட்சியாகிவிட்டது. முதல் பத்திரிகை வாங்குகிறவர்கள், கப்பல் போக வழி திறக்கும், எண்ணெய் எடுக்கலாம், அங்கே உள்ளவர்களுக்கும் கொஞ்சம் சுகமாக இருக்கட்டுமே என்றார்கள். இரண்டாவது பத்திரிகை வாங்குகிறவர்கள், எல்லாம் முடிந்தது, இனி செய்வதற்கு என்ன இருக்கிறது என்று டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். தலைப்புக்குக் கீழே படித்ததாக ஒருவர் பேச்சிலும் தெரியவில்லை. பாஸ்கரன் சார் முதல் பத்திரிகையின் சந்தாதாரர். கரும்பலகையில் அழகான கையெழுத்தில் எழுதினார்: "துருவத்தில் இளஞ்சூடு: நேட்டமோ கோட்டமோ?" லாபமா நஷ்டமா என்று அர்த்தம்.

அந்தப் பலகைக்கு முன்னால் நின்றபோது எனக்கு வந்த கோபம் துருவத்தைப் பற்றியதே அல்ல. என் அப்பா தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருப்பவர். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு பங்குனியில் பாத்தியெல்லாம் உப்பு விளைந்து வாருவதற்குத் தயாராக நின்றது. அன்று மத்தியானம் பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. நல்ல மழை என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். தெருப் பிள்ளைகள் ஆடினார்கள். அப்பாவும் உப்பளத்து ஆட்களும் பாத்தி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். உப்பு கரைகிறபோது சத்தம் ஒன்றும் வராது. மறுநாள் டீக்கடைப் பேப்பரில் எங்கள் ஊர்ச் செய்தி வந்திருந்தது: "திடீர் கோடை மழை: பொதுமக்கள் மகிழ்ச்சி." அப்பா அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "அப்ப நாம பொதுமக்கள் இல்ல போல" என்றார். பக்கத்திலிருந்தவர் சிரித்தார், அப்பா சிரிக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் அந்த மழை இருந்தது.

விவாதத்துக்கு நான் போகிறேன் என்றதும் என் கணவர் கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினார். "நாம கச்சவடம், யாவாரம் செய்ய வந்தவங்க செல்வி. அவங்க தலைப்புல நீ போய் குத்தம் சொன்னா, பாண்டிக்காரிக்கு என்னத்துக்கு இதெல்லாம்னு கேப்பாங்க." கேட்கத்தான் கேட்பார்கள். இங்கே வந்தபின், தமிழ்நாட்டுக்காரியை மட்டம் தட்டுகிற அந்தச் சொல்லைப் பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் கேட்டிருக்கிறேன். தலைப்பு வைக்கிறவன் ஒருவன், அதைச் சுமக்கிறவன் இன்னொருவன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். "கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டேன்.

அந்த வாயனசாலையில் ஒரு வழக்கம் உண்டு. விவாதம் தொடங்குமுன் செயலாளர் எழுந்து, "விஷயத்தெப்பற்றி ஆர்க்கெங்கிலும் ஆட்சேபமுண்டோ?", அதாவது தலைப்பில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா, என்று கேட்க வேண்டும். யாரும் ஆட்சேபம் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. கேள்வி முடிவதற்குள் பருப்புவடைத் தட்டு நகர ஆரம்பித்துவிடும். அன்றைக்கு நான் எழுந்தேன். வடையை எடுத்த கைகள் அப்படியே நின்றன.

பாஸ்கரன் சார் கனிவாகச் சிரித்தார். "செல்விக்கு விஷயம் மனசிலாயில்ல, அல்லே? ஞான் பறஞ்ஞு தராம்" என்று, எனக்குத் தலைப்பே புரியவில்லை என்று முடிவுகட்டி, சிறு பிள்ளைக்குச் சொல்வது போல, துருவம் என்றால் என்ன என்பதிலிருந்து மெதுவாக விளக்க ஆரம்பித்தார். பூமி உருண்டை என்பதுவரை பொறுத்துக்கொண்டேன்.

"மனசிலாயி சாரே. அதனாலதான் எந்திரிச்சேன்" என்றேன். "ஞான் தூத்துக்குடிக்காரி. எங்க அப்பா உப்பளம் வச்சிருக்காங்க."

பாதி மலையாளமும் பாதி எங்கள் ஊர்த் தமிழுமாக, அந்த மழையைச் சொன்னேன். பேப்பரில் வந்ததைச் சொன்னேன். அப்பா சொன்னதையும் சொன்னேன். "இளஞ்சூடுன்னா குழந்தையக் குளிப்பாட்டுற வெந்நி. வெளிய குளிர்ல நிக்கிறவனுக்குத்தான் அது சுகம். பனிக்கட்டிக்கு ஏது இளஞ்சூடு? அந்தப் பேரைப் போட்டுட்டு நேட்டமா கோட்டமான்னு கேட்டா, பதிலையும் நாமளே எழுதிக்கிட்ட மாதிரி. மரணப்படுக்கைன்னாலும் அப்படித்தான். செத்தவங்ககிட்ட யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

பாஸ்கரன் சார் வாசலுக்குப் போய் டஸ்டரை எடுத்தார். கோபத்தில் தலைப்பையே அழித்துவிட்டுப் போய்விடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் 'இளஞ்சூடு' என்பதை அழித்துவிட்டு, சாக்பீஸைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "பின்னே எந்து எழுதணும்? செல்வி பற." அதுவரை நான் யோசிக்கவே இல்லை. குறை சொல்லும்வரைதான் திட்டம் இருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் எழுதினார்: "துருவத்தில் பதிவில்லாத சூடு: ஆர்க்கு நேட்டம், ஆர்க்கு கோட்டம்?" வழக்கத்துக்கு மாறான சூடு, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்.

விவாதம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஆட்டோக்கார சசி, லாபக் கட்சிக்காகப் பேச வந்தவன், எழுந்து நின்று தலையைச் சொறிந்தான். "சாரே, அவிடெ மனுஷ்யருண்டோ?" என்று கேட்டான். அங்கே மனிதர்கள் இருக்கிறார்களா என்று. இரண்டு பத்திரிகையையும் எடுத்து எல்லாரும் புரட்டினார்கள். இரண்டிலும் கரடிதான் இருந்தது. பனிமேல் வேட்டைக்குப் போய்ப் பிழைக்கிற குடும்பங்கள் அங்கே உண்டு என்று அலமாரியிலிருந்த பழைய புவியியல் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார் பாஸ்கரன் சார். அதற்குப் பிறகு கரடியைப் பற்றி யாரும் பேசவில்லை. பனி உருகினால் அவர்கள் எந்த வழியாக நடப்பார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்று, கடலே உறையாத ஊரில் உட்கார்ந்து நாற்பது பேர் கவலைப்பட்டார்கள். சொல்வதற்கு எனக்குக் கூச்சமில்லை, அன்று சாயங்காலம் அந்த இருட்டுச் சந்தில் தலை நிமிர்ந்து நடந்தேன். அப்பாவின் உப்புக்கு ஒரு சபை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த வாரமே, ஒரு பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில் சிறு செய்தி வந்தது. தலைப்பை மாற்றிய பெண்மணி "ஆரியசாலை சுதேசினி செல்வி" என்று போட்டிருந்தார்கள். என் கணவர் அதைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். புளி வாங்க வந்தவர்கள் புளியை மறந்துவிட்டுப் போனதும் உண்டு. நான் அதைக் கத்தரித்துத் தூத்துக்குடிக்கு அனுப்பினேன்.

பங்குனியில் ஒரு மத்தியானம் அப்பா ஃபோன் செய்தார்.

"ஏட்டி, நீ அனுப்புன பேப்பர ஆஸ்பத்திரி மலையாளத்து நர்ஸ் வாசிச்சுச் சொன்னா. சுதேசினின்னா என்ன அர்த்தம்?"

"ஆரியசாலைக்காரின்னு அர்த்தம்ப்பா."

"நீ தூத்துக்குடிக்காரின்னுல்லா அங்க எந்திரிச்சு நின்ன? இதுக்கு ஆட்சேபம் சொல்லலையா?"

கேலிதான் செய்கிறார் என்று தெரிந்தது. ஆனாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் ஆரியசாலையில் கோடை மழை தொடங்கியது. சுமைக்காரர்கள் உப்பு மூட்டைகளை உள்ளே இழுத்தார்கள். சசி ஆட்டோவை நிறுத்திவிட்டு வேண்டுமென்றே நனைந்தான். பல நாள் புழுக்கத்துக்குப் பிறகு தெருவே மூச்சு விட்டது. ஃபோன் ஜன்னலோரத்தில் இருந்தது. என்னையறியாமல் ஒரு கையை வெளியே நீட்டியிருந்தேன்.

"அங்க மழை உண்டாப்பா?"

"இல்லட்டி. நல்ல வெயிலு. பாத்தி விளைஞ்சு நிக்கி."

"அப்பாடா" என்றேன். மனதார அந்த வெயிலுக்கு நன்றி சொன்னேன். மழையில் நனைந்துகொண்டிருந்த கையை உள்ளே இழுக்க மட்டும் மனம் வரவில்லை.